கைப்பிடியும் மொட்டையும்

சோஹார் ஊரைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பும் சாலையில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருந்தது. முன்பக்கம் உறுப்பினர்களுக்கான ஹால், சோபா, அரபுக் காபியான காவா ஊற்றிக் கொடுக்க ஒரு ஆள். பின்பக்கம் ஒர்க்‌ஷாப். உறுப்பினர்கள் சுட்டுவிட்டுப் போன துப்பாக்கிகள் எல்லாம் அங்கேதான் வரும். கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு, இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் வரிசையாக நிறுத்திப் பூட்டுவது பாண்டித்துரையின் வேலை. அவருடைய மேசைக்கு எதிர்மேசை சேதுமாதவனுடையது.

பாண்டித்துரைக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ராணுவத்தில் சேர்ந்தவர். அங்கே அவர் சுட்டதைவிடச் சுடுகிறவர்களின் துப்பாக்கியைக் கழற்றி மாட்டியதுதான் அதிகம். ஆர்மரர் என்று பெயர். ஹவில்தாராக ஓய்வு பெற்று, பென்ஷன் பேப்பர் கைக்கு வந்த சூட்டோடு ஓமனுக்கு வந்துவிட்டார். மனைவி கனகாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் சேதுமாதவன் எதிரே உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்க முடியாது.

சேதுமாதவனுக்குப் பாலக்காடு. அவரும் பட்டாளத்து ஆர்மரர்தான். ஒரே காலத்தில் ஒரே வேலையை இந்தியாவின் இரண்டு மூலைகளில் பார்த்துவிட்டு, சோஹாரில் வந்துதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேது இரண்டு வயது மூத்தவர். பாண்டித்துரை அவரைச் சேட்டா என்பார். மரியாதை பாதி, கிண்டல் பாதி. இருவருக்கும் ஒரே ரூம். சமையலில் ஒருவர் வைக்கும் குழம்பு மற்றவருக்குப் பிடிக்காது, ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள்.

கிளப்புக்கு வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடித்துவிட்டு வருகிறவர் அபு மாஜித். ஓமன் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எலுமிச்சையும் வாழையுமாகக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பேரப்பிள்ளைகள் நிறைந்த வீடு. வீட்டுச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் இங்கே வருகிறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பம்பாயில் கொஞ்ச நாள் இருந்தவர், அதனால் இந்தி நன்றாக வரும். மற்ற உறுப்பினர்கள் துப்பாக்கியை ஹாலிலேயே கொடுத்துவிட்டுப் போவார்கள். இவர் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பட்டாளத்துக்காரர்களும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷத் தொடக்கத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கடையில் வருகிற துப்பாக்கி வேண்டாம். தன் கைக்கும் தோளுக்கும் ஏற்ற மாதிரி, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வைத்துச் சேர்த்த ஒரு ரைபிள் வேண்டும். அதைச் சேது செய்து தர வேண்டும். அனுமதிப் பத்திரங்களை எல்லாம் கிளப் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் வாங்கிக் கொடுத்தார். அவர் சென்னைக்காரர். ஃபைலைத் திறக்காமலே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்க மாதிரி ரைபிள். அது இரண்டு பாதியாகப் பிரியும். கீழ்ப்பாகத்தில் விசை, பிடி, தோளில் வைக்கிற கட்டை. மேல்பாகத்தில் குழல், குண்டைத் தள்ளுகிற போல்ட், குறி பார்க்கிற அமைப்பு. நடுவில் இரண்டே இரண்டு பின்கள். அவற்றைத் தள்ளினால் மேல்பாகம் தனியாகக் கையோடு வந்துவிடும். அதே கீழ்ப்பாகத்தில் வேறு மேல்பாகத்தை வைத்து அதே பின்களைத் தள்ளினால் வேறு துப்பாக்கி. உடம்பு ஒன்று, தலை மட்டும் மாறும்.

கீழ்ப்பாகத்தைச் சேது முடித்தார். விசைக்கு மட்டும் கோடை முழுக்க எடுத்துக்கொண்டார். உள்ளே உரசுகிற முனைகளைத் தேய்ப்பார், மாட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி கழற்றுவார். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் பாண்டித்துரையிடம் நீட்டினார். பாண்டித்துரை அழுத்தினார். மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி இருந்தது. இழுப்பு இல்லை, நெருடல் இல்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அது போதும் என்று சேதுவுக்குத் தெரியும்.

மேல்பாகத்தில்தான் சண்டை. பாகங்கள் விற்கும் ஏஜென்ட் இரண்டு வகையைச் சாம்பிளாக அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒன்றில் மேலே பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடி. குறி பார்க்கும் துளை அந்தக் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும், கழற்ற முடியாது. குழல் முனையில் ஒரு சின்ன முள். துளை வழியே முள்ளைப் பார்த்துச் சுட வேண்டும். மற்றதில் மேல்பகுதி தட்டை. வெறும் பல் பல்லான தண்டவாளம். தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பை அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம். பாண்டித்துரைக்குத் தட்டைதான் பிடித்தது. சேது அதற்கு வைத்த பெயர் மொட்டை.

"எடோ பாண்டி, கண்ணாடி வச்சுச் சுடணும்னா எதுக்குடோ துப்பாக்கி? பைனாகுலர் வாங்கிக்கச் சொல்லு அவரை."

"உங்க கைப்பிடியத் தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போவோம் சேட்டா. காய் வாங்க வசதியா இருக்கும்."

இது மாதக்கணக்கில் ஓடியது. சோற்றுத் தட்டின் முன்னால், பஸ்ஸில், துணி காயப்போடும்போது. அபு மாஜித்துக்கும் இந்த வழக்கு தெரியும். ஆனால் எந்தப் பக்கமும் சேரமாட்டார். நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள், நான் சுடுகிறேன் என்பார்.

சாம்பிள் வருவதற்குள் சேதுவுக்கு லீவு வந்துவிட்டது. ஓணத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கிளம்பினார். டாக்ஸியில் பெட்டியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனவர், திரும்பத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"நான் வர்றதுக்குள்ள மொட்டையை மாட்டி வச்சிராதே. கைப்பிடிதான், கேட்டியா?"

பாண்டித்துரை கையைக் காட்டிப் போகச் சொன்னார். சேதுமாதவன் திரும்பி வரவில்லை. ஓணம் முடிந்த வாரத்தில், வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

ஊராக இருந்தால் செய்வதற்கு எத்தனையோ உண்டு. செய்தி கேட்ட உடனே பஸ் ஏறலாம். மாலை வாங்கலாம். பந்தல் கால் பிடிக்கலாம், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். சோஹாரில் பாண்டித்துரைக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மறுநாளும் டியூட்டி இருந்தது. எதிர்மேசையில் கீழ்ப்பாகம் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தபடியே இருந்தது. ரூமில் சேதுவின் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். கொடியில் அவருடைய துண்டு ஒன்று தொங்கியது. அதை எடுக்காமல் விட்டுவிட்டார். சமைக்கும்போது அளவு குறைக்கக் கை வரவில்லை. கனகா ஃபோனில் கேட்டபோது, நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்றார். 

கீழ்ப்பாகம் மட்டும் தினமும் கண்ணில் பட்டது. அதை முழுத் துப்பாக்கியாக்கி, அது சுடப்பட வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் அபு மாஜித் கையில் இருக்க வேண்டும் என்று பாண்டித்துரை நினைத்தார். சேதுவுக்குத் தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான் என்று மனதில் பட்டது. அப்படி நினைத்த பிறகுதான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

டிசம்பரில் சாம்பிள்கள் வந்தன. அபு மாஜித் கோடையிலிருந்தே மஸ்கட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கிளப்புக்குள் நுழைந்ததும் ஹாலில் நிற்காமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். சேதுவின் காலி மேசைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஏந்தி ஏதோ ஓதினார். பிறகு தோட்டத்திலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழப் பையைப் பாண்டித்துரை பக்கம் வைத்துவிட்டு வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தார். இருவரும் டீ குடித்தார்கள்.

மேசையில் இரண்டு மேல்பாகங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எது என்று அபு மாஜித் கேட்டார். பாண்டித்துரை கைப்பிடி வைத்ததை எடுத்தார். கை தானாகப் போனது. தனக்குப் பிடித்ததை மாட்டினால், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சீட்டைக் கலைத்த மாதிரி இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"சேது கடைசியாச் சொல்லிட்டுப் போனது இதுதான் சாப்" என்றார் இந்தியில். "கைப்பிடிதான் வைக்கணும்னு சொன்னார்."

அபு மாஜித் டம்ளரைக் கீழே வைத்தார். "கடைசியாவா?" என்று கேட்டார். பாண்டித்துரை ஆமாம் என்றார். பொய் இல்லை. "கலாஸ்" என்றார் அபு மாஜித். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பின்கள் இரண்டும் சேது தேய்த்து வைத்த துளைகளில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

முதல் வெள்ளிக்கிழமை குறி அட்டையைப் பார்த்தபோது பாண்டித்துரை ஒன்றும் நினைக்கவில்லை. புதுத் துப்பாக்கி, கை பழக வேண்டும். ஓட்டைகள் அட்டை முழுக்கத் தெறித்துக் கிடந்தன. அடுத்த வாரமும் அப்படியே. காற்று என்றார் அபு மாஜித். அன்று சுடும் ரேஞ்சில் கட்டிய கொடி அசையவே இல்லை. பாண்டித்துரை தானே படுத்துச் சுட்டுப் பார்த்தார். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. துப்பாக்கியில் குறை இல்லை.

அபு மாஜித் ஒருபோதும் குறை சொல்லவில்லை. சுட்டு முடித்ததும் துப்பாக்கியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, விசை தேன் மாதிரி இருக்கிறது என்பார். ஆனால் சுடுவது குறைந்துகொண்டே வந்தது. ஒரு பெட்டி குண்டு, பிறகு அரைப் பெட்டி. ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரம் வந்தார், துப்பாக்கியை வெளியே எடுக்கச் சொல்லவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டு, அதை நன்றாக எண்ணெய் போட்டு வை பாண்டி, வெயில் காலம் போகட்டும் என்றார்.

பாண்டித்துரைக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கூண்டுக்குள் அப்படி எண்ணெய் போட்டு வைத்த துப்பாக்கிகள் நிறைய உண்டு. வெயில் காலம் போன பிறகும் அவற்றைக் கேட்டு யாரும் வந்ததில்லை. சேதுவின் கடைசி வேலையும் அந்த வரிசையில் போய் நின்றுவிடும்.

விஷயத்தை உடைத்தவர் அனந்தகிருஷ்ணன். ஃபைல் ஒன்றைத் தேடிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவர் போகிற போக்கில் சொன்னார். "உங்க அபு மாஜித் திங்கக்கிழமை திங்கக்கிழமை வர்றார், தெரியுமா? நீங்க ஆஃப்ல இருக்கிற நாளாப் பார்த்து. கிளப்போட பழைய ஸ்கோப் ரைபிள்ல சுடறார். என்னமாச் சுடறார்ங்கிறீங்க!"

அடுத்த திங்கட்கிழமை ஆஃப் என்று பாண்டித்துரை ரூமில் இருக்கவில்லை. பஸ் பிடித்து வந்து, ரேஞ்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகை நிழலில் நின்றார். அபு மாஜித் தனியாக இருந்தார். கண் ஸ்கோப்புக்குப் பின்னால் அசையாமல் இருந்தது. அட்டையைக் கம்பியில் ஓட்டி அருகே கொண்டுவந்தபோது, ஓட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கையால் மூடிவிடலாம் போலிருந்தது. அபு மாஜித் அதைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஒளித்து வைக்கிற மாதிரி.

பாண்டித்துரை நிழலிலிருந்து வந்து சலாம் சொன்னார். அபு மாஜித் திடுக்கிடவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பாண்டித்துரை கண்ணைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் சங்கதி வெளியே வந்தது. மஸ்கட்டில் கோடையில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்திருந்தார்கள். உள்ளே லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது மலைமேல் ஆடு நிற்பது தெரிகிறது, தட்டில் மீன் முள் தெரிவதில்லை. குழல் முனையில் இருக்கிற முள் வெறும் புகையாகத் தெரிகிறது. எதைப் பார்த்துச் சுடுவது? ஸ்கோப்பில் அந்த முள்ளே தேவையில்லை.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றார் பாண்டித்துரை. அபு மாஜித் தலையை ஆட்டினார்.

"சேது போறப்போ சொல்லிட்டுப் போனது. செத்தவனோட வஸிய்யத். அதை மாத்த நான் யார்?"

வஸிய்யத் என்றால் இறந்தவர் விட்டுப்போன கட்டளை. உயிரோடு இருப்பவர்கள் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும். பாண்டித்துரைக்கு அந்தச் சொல் தெரியும். இத்தனை வருஷம் அங்கே இருந்து தெரியாமல் இருக்குமா? ஆனால் தான் டிசம்பரில் டீ டம்ளரோடு சொன்ன ஒரு வாக்கியம் அபு மாஜித்தின் தோளில் அப்படி ஏறி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தும் பார்த்ததில்லை.

பாண்டித்துரை ரூமுக்குப் போய்விட்டு மறுநாள் வேறொன்று முயன்று பார்த்தார். மேல்பாகத்தை மாற்றாமலே, கைப்பிடியின் மேல் ஒரு தாங்கி வைத்து அதில் ஸ்கோப்பை மாட்டினார். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. மாட்டிவிட்டுத் தோளில் வைத்துப் பார்த்தார். ஸ்கோப் எங்கேயோ உயரத்தில் நின்றது. கன்னம் கட்டையில் படியவில்லை. தாடையை முட்டுக் கொடுத்து, கழுத்தை நீட்டி, ஜன்னல் வழியே பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தலை ஒவ்வொரு இடத்தில் நின்றது. சேது இருந்திருந்தால் இந்தக் கோலத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். உடனே கழற்றியும் போட்டிருப்பார். யோசித்துப் பார்த்தால், கைப்பிடிதான் என்று சேது சொன்னது அபு மாஜித்தின் பழைய கண்ணுக்கு. புதுக் கண்ணைச் சேது பார்க்கவே இல்லை.

கழற்றும்போது பாண்டித்துரையின் விரல் விசையில் பட்டது. காலியாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒருமுறை அழுத்தினார். கண்ணாடிக் குச்சி ஒடிந்தது. சேது அங்கேதான் இருந்தார், கீழ்ப்பாகத்தில், கோடை முழுக்கத் தேய்த்த அந்த முனைகளில். மேல்பாகம் ஏஜென்ட் அனுப்பிய சாமான்.

அபு மாஜித்தைத் தானே ஃபோனில் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும், டீ ஊற்றுவதற்கு முன்னாலேயே பாண்டித்துரை சொல்லிவிட்டார். சேது டாக்ஸியில் ஏறும்போது சொன்னது வஸிய்யத் இல்லை. சாகப்போகிறவன் சொல்லும் பேச்சும் இல்லை. ஓணத்துக்குப் போகிறவன் என்னை வம்புக்கு இழுத்த பேச்சு. மாதக்கணக்காக நாங்கள் போட்ட சண்டையின் வால். அதைக் கடைசிச் சொல் ஆக்கியது நான்தான். சேதுவுக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் எனக்கு இருந்தது.

சொல்லி முடித்தபோது பாண்டித்துரைக்கு, சேதுவிடம் மிச்சம் இருந்த ஒரு சொல்லையும் பிடுங்கிக்கொண்டது போலிருந்தது.

அபு மாஜித் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பாண்டித்துரை பயந்துபோனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு மாசமா உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நடுவுல நின்னுதான் நான் சுட்டுக்கிட்டிருந்தேனா?"

சிரிப்பு அடங்கியதும் ஒன்றே ஒன்று கேட்டார். நாளை அல்லாஹ் என்னிடம் கேட்டால் என்ன சொல்வது? நிச்சயமாகத் தெரியுமா? பாண்டித்துரை நிச்சயம் என்றார். சேது இப்போது உங்கள் கண்ணைப் பார்த்தால் முதலில் என்னைத் திட்டுவார், அப்புறம் அவரே கழற்றுவார் என்றார். அபு மாஜித் அதை ஏற்றுக்கொண்டார். அவருக்கும் சேதுவைத் தெரியும்.

இனி மொட்டை வேண்டும். ஆனால் அதை எப்போதோ திருப்பி அனுப்பியிருப்பார்கள். பாண்டித்துரைக்குக் கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. இருந்தும் அனந்தகிருஷ்ணன் அறைக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பீரோவைக் காட்டினார். துணியில் சுற்றி உள்ளேயே இருந்தது.

"ஏஜென்ட் நாலு தடவை ஃபோன் பண்ணிட்டான். அனுப்பறதுக்குச் சரியான பெட்டி கிடைக்கலைன்னு சொல்லியிருக்கேன்" என்றார். ஏன் என்று பாண்டித்துரை கேட்கவில்லை. 

வெள்ளிக்கிழமை பின்களைத் தள்ளிக் கைப்பிடியை எடுத்து மொட்டையை வைத்தார். ஸ்கோப்பைத் தண்டவாளத்தில் தாழ்வாக உட்காரவைத்து, அபு மாஜித்தைத் தோளில் வைக்கச் சொல்லி, கண் தானாக வந்து விழுகிற இடம் பார்த்து இறுக்கினார். ரேஞ்சில் ஒன்றிரண்டு குண்டு குறி சரிசெய்யப் போனது. அதன் பிறகு அபு மாஜித் நிறுத்தவில்லை. பெட்டி காலியான பிறகுதான் எழுந்தார். அட்டையை இந்தத் தடவை மடிக்கவில்லை. விரித்தபடியே கொண்டுவந்து சேதுவின் மேசையில் வைத்துவிட்டு, இதற்கு அவன் என்ன சொல்வான் என்று கேட்டார்.

"எட்டியே பார்க்கமாட்டார் சாப். கைப்பிடின்னா இன்னும் நல்லா விழுந்திருக்கும்பார்."

இருவரும் சிரித்தார்கள். அபு மாஜித் போனபின் பாண்டித்துரை அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் போட்ட சண்டையில் அவர் பக்கம் ஜெயித்துவிட்டது. எதிர்மேசையிலிருந்து ஒரு பதில் வந்திருக்க வேண்டிய நேரம். ஏ.சி. ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. சேது போனதிலிருந்து ஒருமுறைகூட வராத அழுகை அப்போது வந்தது. எண்ணெய்த் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ரூமுக்குப் போனதும் கொடியிலிருந்த துண்டைத் துவைத்து மடித்து வைத்தார். அன்று ஒரு ஆளுக்கு அளந்து அரிசி போட்டார்.

ஓமனில் கோனு புயல் அடித்த ஜூன் மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், அனந்தகிருஷ்ணன் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நல்ல அட்டைப்பெட்டியோடு வந்தார். ஏஜென்ட் இப்போது கைப்பிடி வைத்ததைக் கேட்கிறான், ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றார். அது கூண்டுக்குள் அபு மாஜித்தின் ரைபிளுக்குப் பக்கத்தில், மற்றவற்றைப் போலவே எண்ணெய் மினுமினுக்க இருந்தது. வாரா வாரம் பாண்டித்துரை அதையும் துடைத்து வைப்பார். சுடாத ஒன்றுக்கு எதற்கு எண்ணெய் என்று யாரும் கேட்டதில்லை.

பாண்டித்துரை பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. அதைத் தூக்கித் தன் மேசைக்கு அடியில் தள்ளினார்.

"பெட்டி கிடைக்கலைன்னு சொல்லுங்க சார்" என்றார்.